மைட்டோகாண்ட்ரியப் பின்னோக்குச் சமிக்ஞை

தாவரச் செல்லில் மைட்டோகாண்ட்ரியா தனக்கு நேர்ந்த நெருக்கடியை உட்கருவுக்கு உணர்த்தி, அங்குள்ள மரபணுக்களின் செயல்பாட்டை மாற்றும் முறை. வறட்சி, நீர் தேங்குதல், குளிர், உவர்ப்பு, நோய்த்தாக்குதல் ஆகியவற்றின்போது இது முனைப்படைகிறது. பூக்களில் மகரந்தம் உருவாகாமல் போகும் சைட்டோபிளாச ஆண் மலட்டுத்தன்மையும் மைட்டோகாண்ட்ரியா, உட்கரு ஆகிய இரண்டின் உறவில் எழும் பிணக்கே. வீரிய ஒட்டு விதை உற்பத்தி வழியாக இப்பண்பு கொங்கு நாட்டு வேளாண்மையில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

அடிப்படை

மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாவின் வழிவந்தது. அதன் மரபணுக்களில் பல உட்கருவுக்கு இடம்பெயர்ந்தன, பல மறைந்தன. 1997-இல் வெளியான அராபிடாப்சிஸ் செடியின் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. வரிசை சுமார் 3,67,000 கார இணைகள் நீளமுடையது. ஆயினும் புரதங்களுக்கென அதிலுள்ள மரபணுக்கள் சில பத்துகளே. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தேவையான ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களை உட்கருவின் மரபணுக்களே வழங்குகின்றன. எனவே உள்ளே பழுது ஏற்பட்டால் உட்கரு அதை அறிந்தாக வேண்டும்.

கோயம்புத்தூரும் ஆண் மலட்டுத்தன்மையும்

கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியை ஒட்டி 1923-இல் சிறுதானிய இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. சிறுதானிய வல்லுநர் ஜி. என். ரங்கசாமி அய்யங்கார் சோளத்தின் மரபியலை இங்கு விரிவாக ஆராய்ந்தார். மகரந்தத்தூள் வெறுமையாகிப் போகும் சோளச் செடிகளை அவரும் பி. டபிள்யூ. எக்ஸ். பொன்னையாவும் 1937-இல் விவரித்தனர். இன்று எம்எஸ் 1 எனக் குறிக்கப்படும் அந்த மரபணு உட்கருவைச் சேர்ந்தது. ஆகவே அம்மலட்டுத்தன்மை தாய், தந்தை இருவழியிலும் கடத்தப்படும்.

தாய்வழி மட்டுமே வரும் மலட்டுத்தன்மையைச் சோளத்தில் 1954-இல் அறிவித்தவர்கள் டெக்சாஸைச் சேர்ந்த ஸ்டீபன்ஸ், ஹாலண்ட் ஆகியோர். மைலோ சோளத்தின் சைட்டோபிளாசத்தில் காஃபிர் சோளத்தின் உட்கரு சேர்ந்தபோது மகரந்தம் உருவாகவில்லை. இதைக் கொண்டு உருவான இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுச் சோளமான சி.எஸ்.எச். 1, 1964-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் டிஃப்ட் 23ஏ என்ற மலட்டு வரிசையைத் தாயாகக் கொண்ட கம்பு எச்.பி. 1 லூதியானாவிலிருந்து 1965-இல் வந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1994-இல் வெளியிட்ட கோ ஆர்எச் 1 நெல்லின் தாயும் ஆண் மலட்டு வரிசையே.

விதைப் பண்ணையில் ‘ஏ லைன்’ என்பது மலட்டுத் தாய். ‘பி லைன்’ அதைப் பராமரிப்பது. ‘ஆர் லைன்’ வளத்தை மீட்கும் தந்தை. சோளத்தில் பெரும்பாலும் நான்கு பெண் வரிசைக்கு இரண்டு ஆண் வரிசை நடப்படுகிறது. கதிரில் மகரந்தப்பையைக் கையால் அகற்றும் வேலை இதனால் மிச்சமாகிறது. ஆர் லைனின் மீட்பு மரபணுக்கள் பலவும் உட்கருவில் உருவாகி மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சென்று, கேடு செய்யும் ஆர்.என்.ஏ.வை அடக்கும் புரதங்களுக்கானவை. மைட்டோகாண்ட்ரியா உட்கருவை ஆட்டுவிப்பதும் உண்டு. ஜப்பானின் ஃபுஜியும் தொரியாமாவும் சீனக் காட்டு நெல்லின் சைட்டோபிளாசம் கொண்ட மலட்டு நெல்லை ஆராய்ந்தனர். அதில் மைட்டோகாண்ட்ரியாவின் பிடியிலிருந்த ஓர் உட்கரு மரபணுவை அடக்கியதும் மகரந்தம் வளம் பெற்றதாக 2009-இல் காட்டினர்.

ஒரே சைட்டோபிளாசத்தை எங்கும் பரப்புவது ஆபத்தானது. டெக்சாஸ் சைட்டோபிளாசம் கொண்ட அமெரிக்க மக்காச்சோளம் 1970-இல் இலைக்கருகல் நோய்க்குப் பெருமளவில் பலியானது.

செயல்முறை

நெருக்கடியில் எலக்ட்ரான் கடத்தல் தடைபட்டு, வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் சேர்மங்கள் பெருகுகின்றன. இவையே சமிக்ஞையின் தொடக்கம். எண்டோபிளாச வலையின் சவ்வில் கட்டுண்டிருக்கும் ஏ.என்.ஏ.சி. 017 என்ற புரதம் அப்போது வெட்டுண்டு உட்கருவுக்குள் நுழைகிறது. அதனையும் ஏ.என்.ஏ.சி. 013-ஐயும் பற்றிய ஆய்வுகள் 2013-இல் வெளிவந்தன. இவை தூண்டும் மரபணுக்களில் முதன்மையானது மாற்று ஆக்சிடேஸ். மின்சாரத் தடத்தில் பழுது நேர்ந்தால் லோடை மாற்று லைனுக்குத் திருப்புவது போல, இந்நொதி எலக்ட்ரான் கடத்தல் சங்கிலியின் மூன்றாம், நான்காம் கூட்டமைப்புகளைத் தவிர்த்து எலக்ட்ரான்களை நேரே ஆக்சிஜனுக்கு அளிக்கிறது. ஏ.டி.பி. உற்பத்தி குறையும், மிகுதி ஆற்றல் வெப்பமாக வெளியேறும். சேனைக்கிழங்கின் பூங்கொத்து சூடேறுவதற்கும் இவ்வழியே காரணம்.

இந்தியாவில் ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் ஏ. எஸ். ராகவேந்திராவும் கே. பத்மஸ்ரீயும், பட்டாணி இலைச் செல்களில் ஒளிச்சேர்க்கை தடையின்றி நடக்க மைட்டோகாண்ட்ரியச் சுவாசம் துணைபுரிவதை நிறுவினர்.

இன்றைய நிலை

பெரியநாயக்கன்பாளையம், காரமடை, அன்னூர் வட்டார மானாவாரிக் காடுகளில் சோளம் இன்று பெரிதும் தீவனத் தட்டுக்காகவே விதைக்கப்படுகிறது. சமிக்ஞை ஆய்வுகளோ பெரும்பாலும் அராபிடாப்சிஸிலேயே நடக்கின்றன.