கடலற்ற உலகும் கடலோர மாந்தரும்

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கிழக்கிற் கடலும் மேற்கில் வாவியும் சூழ்ந்த மணற்பரப்பில் அமைந்த ஊர்களுள் ஒன்று செட்டிபாளையம். இத்தகைய ஊரில் வாழ்வோர் கடலே இல்லாத ஓர் உலகை எண்ணிப் பார்த்தல் அரிது. அத்தகைய உலகைச் சித்திரிக்கும் 'நகரமும் விண்மீன்களும்' என்னும் ஆங்கில நாவல் 1956இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர், அவ்வாண்டிலேயே இலங்கையிற் குடியேறிய ஆதர் சி. கிளாக் ஆவார்.

மனித குலத்தின் தொலைதூர எதிர்காலத்தைப் பாடும் மரபு அவருக்கு முற்பட்டது. ஓலவ் ஸ்டேப்பிள்டன் 1930இல் எழுதிய நூலொன்று, 200 கோடி ஆண்டுகளில் தோன்றி மறையும் 18 மனித இனங்களின் வரலாற்றைக் கூறுகின்றது. இளமையில் அதனைக் கற்ற கிளாக், அதன் தாக்கத்துக்கு உள்ளானார். ஒரு கற்பத்துக்கு 432 கோடி ஆண்டுகள் எனக் கணித்த புராண மரபினை அறிந்த தமிழர்க்கு இப்பேரெண்கள் வியப்பளிப்பன அல்ல.

கிளாக்கின் நாவலில், நூறு கோடி ஆண்டுகளுக்குப் பிற்பட்ட பூமியிற் கடல்கள் வற்றிவிட்டன. பாலையின் நடுவே டயஸ்பார் என்னும் மூடிய நகரம் நிற்கின்றது. அந்நகர மாந்தரின் நினைவுகளை இயந்திரங்கள் பேணுகின்றன. ஆயினும், அயற்கோளார் மனிதரை வென்று பூமிக்குத் துரத்தினர் என்னும் பழங்கதையை நம்பி, அவர்கள் வெளியுலகை அஞ்சுகின்றனர். அல்வின் என்னும் இளைஞன் வெளியேறி, அக்கதை பொய்யென அறிகின்றான். பிழைபட்ட வரலாறு ஒரு சமுதாயத்தின் எதிர்காலத்தையே சிறைப்படுத்தும் என்பதே நாவலின் உட்கிடை.

அதே 1956இல் கிளாக்கும் நண்பர் மைக் வில்சனும் திருகோணமலைக் கடலில் மூழ்கி ஆராய்ந்தனர். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடித்த கோணேசர் ஆலயத்தின் தூண்களும் கற்களும் அங்குக் காணப்பட்டன. வருங்காலத்தைக் கனவு கண்டவரே கடலடியில் இறந்தகாலத்தையும் தேடினார் என்பது கருதத்தக்கது.

கிழக்குக் கரைக்கு இவ்வுண்மை அயலானதன்று. 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளியும் 2004 டிசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலையும் மட்டக்களப்பைப் பெரிதும் அழித்தன. வீடு அழியுமிடத்து ஏடும் உறுதியும் உடன் அழியும். எஞ்சுவது முதியோர் வாய்மொழியே. டயஸ்பாரின் பழங்கதை போல் அதுவும் காலப்போக்கிற் திரியக்கூடும். ஆதலின், அதனைக் காலந்தாழ்த்தாது எழுத்திற் பதித்து, எஞ்சிய சான்றுகளோடு ஒப்புநோக்குதல் இக்கரையோர் நாளைய தலைமுறைக்கு ஆற்றவேண்டிய கடனாகும்.