வெளிநாட்டு வாடகை வீட்டில் கேஸ் ஃபயர்பிளேஸ்: பற்றவைக்கும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஜூலை மாதம். மெல்பர்னில் இரண்டாம் செமஸ்டர் தொடங்கும் நேரம். நம்மில் பலருக்குக் கேமரன் மலையில் ஸ்வெட்டர் போட்டதுதான் குளிர். அங்கே இரவில் 5, 6 டிகிரிக்கு இறங்குவது சர்வ சாதாரணம். வாடகைக்கு எடுத்த பழைய வீட்டின் ஹாலில், கண்ணாடிக்குப் பின்னால் விறகுக்கட்டை மாதிரி எதையோ அடுக்கி வைத்த ஒரு பெட்டி. பொத்தானைத் தட்டினால் தீ எரிகிறது, அறை சூடாகிறது. அப்புறம் என்ன?

இந்தப் பெட்டி சிங்கப்பூர், மலேசிய வீடுகளில் கிடையாது. ரைஸ் குக்கரில் இருந்து ரசப்பொடி வரை பெட்டியில் வைத்து அனுப்பும் அம்மாவுக்கும் இதைப் பற்றிச் சொல்லத் தெரியாது. வீட்டு ஏஜென்ட் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஆக, கேஸ் அடுப்பு பற்றி நமக்குத் தெரிந்ததை வைத்தே இதையும் சமாளிக்கப் பார்க்கிறோம். சிக்கல் அங்கேதான்.

அடுப்பு அனுபவம் ஏன் இங்கே உதவாது?

அடுப்பு பற்றி நமக்கு வீட்டில் சொல்லித்தந்தது இரண்டு விஷயம். கேஸ் வாடை வந்தால் ஆபத்து. சுடர் நீலமாக இருந்தால் நல்லது. ஃபயர்பிளேஸ் விஷயத்தில் இரண்டையும் அப்படியே நம்ப முடியாது.

முதலில் வாடை. எரிவாயுவுக்கு இயற்கையில் மணம் இல்லை. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காக நாற்றமுள்ள ஒரு வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். எரியாத வாயு கசிந்தால் அந்த நாற்றம் மூக்கில் ஏறும். ஆனால் ஃபயர்பிளேஸில் உயிரைப் பறிக்கக்கூடியது எரிந்த பிறகு வரும் வாயு. போதிய காற்று கிடைக்காமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை. "வாடை ஒண்ணும் வரலயே" என்பது இங்கே எந்த ஆறுதலும் இல்லை.

அடுத்தது சுடரின் நிறம். விறகு எரிவது போல அழகாகத் தெரியவேண்டும் என்பதற்காகவே பல கேஸ் ஃபயர்பிளேஸ்களில் சுடரை மஞ்சளாக எரியும்படி வடிவமைக்கிறார்கள். எனவே மஞ்சளைப் பார்த்துப் பயப்படவும் முடியாது, நிம்மதி அடையவும் முடியாது. பார்க்க வேண்டியது மாற்றம். போன வாரம் எரிந்த மாதிரி இந்த வாரம் எரியவில்லை, சுடர் சோம்பலாக ஆடுகிறது, கண்ணாடியிலோ கட்டைகளிலோ கரி படிகிறது, மேலே சுவரில் பழுப்புக் கறை தெரிகிறது என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே எதுவும் பேச முடியாது. மூன்று வகை உண்டு.

முதல் வகை, அறையில் உள்ள காற்றையே எடுத்து எரித்து, புகையைக் குழாய் வழியாகக் கூரைக்கு மேல் அனுப்புவது. பழைய வீடுகளில் பெரும்பாலும் இதுதான். இரண்டாவது, முன்பக்கம் கண்ணாடியால் முழுக்க மூடப்பட்டு, வெளியில் இருந்தே காற்றை எடுத்து வெளியிலேயே புகையை விடுவது. மூன்றில் இதுவே பாதுகாப்பானது. மூன்றாவதற்குப் புகைக்குழாயே இல்லை. எரிந்தது எல்லாம் உங்கள் அறைக்குள்ளேயே வரும்.

நியூசிலாந்தில் சிலிண்டரை உள்ளே வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் ஹீட்டர் மூன்றாம் வகை. விலை மலிவு என்பதால் மாணவர் வீடுகளில் பார்க்கலாம். ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக அறைக்குள் வருகிறது. ஜன்னலில் வழியும் நீர், மூலையில் படரும் பூஞ்சை எல்லாம் அதன் கைவரிசைதான். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்காமல் இதைப் பயன்படுத்தக் கூடாது. படுக்கையறைக்குள் கொண்டுபோகவே கூடாது. அந்நாட்டின் வாடகை வீட்டுத் தரநிலை, புகைக்குழாய் இல்லாத ஹீட்டரை வீட்டின் ஹீட்டராகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. வீட்டு உரிமையாளர் இதைக் காட்டி "ஹீட்டர் இருக்கே" என்று சொன்னால், தாராளமாகக் கேள்வி கேட்கலாம்.

எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பலருக்குத் தெரியாத விஷயம் இது. முதல் வகை ஃபயர்பிளேஸில் புகை மேலே போவதற்கு மோட்டார் எதுவும் கிடையாது. சூடான காற்று தானாக மேலே எழும், அவ்வளவுதான்.

இப்போது ஒரு சாதாரண மாலையை நினைத்துப் பாருங்கள். குளிர் என்பதால் கதவு, ஜன்னல் எல்லாம் இறுக்கிச் சாத்தியாகிவிட்டது. கதவுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்தாகிவிட்டது. சமையலறையில் ஒருவர் மீன் பொரிக்கிறார். ஃபயர் அலாரம் அடித்துவிடுமோ என்ற பயத்தில் அடுப்புக்கு மேலுள்ள ஹூட் முழு வேகத்தில் ஓடுகிறது. குளியலறையில் இன்னொரு ஃபேன். இரண்டும் சேர்ந்து வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே தள்ளுகின்றன. அந்த இடத்தை நிரப்ப எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். மூடிய வீட்டில் அதற்கு இருக்கும் பெரிய ஓட்டை எது? புகைக்குழாய். மேலே போகவேண்டிய வாயு கீழே இறங்கி ஹாலுக்கு வருகிறது. ஃபயர்பிளேஸில் பழுது எதுவும் இல்லாமலேயே இது நடக்கலாம்.

அதனால் அந்த வகை எரியும்போது எக்ஸாஸ்ட் ஃபேன்களைப் போடாதீர்கள். போட்டே ஆகவேண்டும் என்றால் ஃபயர்பிளேஸை நிறுத்திவிடுங்கள். சுவரில் இருக்கும் காற்றுத் துவாரங்களைக் குளிருக்காக அடைக்க வேண்டாம். அவை வேண்டுமென்றே வைக்கப்பட்டவை.

இது எல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2010-இல் விக்டோரியா மாநிலத்தின் ஷெப்பார்ட்டன் வட்டாரத்தில், வாடகை வீடொன்றில் கேஸ் ஹீட்டரில் இருந்து வந்த கார்பன் மோனாக்சைடு, உறங்கிக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவரின் உயிரைப் பறித்தது. இருவரும் சிறுவர்கள். 2017-இல் மெல்பர்னில் பொது வீடமைப்பு வீட்டில் ஒரு பெண் இதே காரணத்தால் மாண்டார். அந்த மாநிலத்தில் விதிகள் இறுகியதற்கு இந்த மரணங்கள் முக்கியக் காரணம்.

உடம்பு எப்படிக் காட்டிக்கொடுக்கும்?

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு கார்பன் மோனாக்சைடு 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். மூச்சு சீராகத்தான் இருக்கும். ஆனால் உடம்புக்குள் ஆக்சிஜன் போய்ச் சேராது.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், காரணமில்லாத அசதி ஆகியவை ஆரம்ப அறிகுறிகள். கிட்டத்தட்ட ஃப்ளூ மாதிரி, ஆனால் காய்ச்சல் இல்லை. புது ஊர், புதுக் குளிர், பரீட்சை, தூக்கமின்மை என்று காரணம் சொல்ல ஆயிரம் இருப்பதால் மாணவர்கள் இதைச் சுலபமாகத் தவற விடுகிறார்கள். கவனிக்க வேண்டியது இரண்டு. வெளியே போனால் தலைவலி குறைந்து, வீட்டுக்கு வந்தால் திரும்புகிறதா? கூட இருப்பவருக்கும் அதே நேரத்தில் அதே மாதிரி இருக்கிறதா? ஆம் என்றால் பேனடால் போட்டுப் படுக்கிற வேலை வேண்டாம். ஃபயர்பிளேஸை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து, எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். மருத்துவரிடம் "கேஸ் ஹீட்டர் போட்ட வீடு" என்று நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கும் அது ஃப்ளூவாகத் தெரியலாம். யாராவது மயங்கிக் கிடந்தால் அவசர எண்: ஆஸ்திரேலியாவில் 000, நியூசிலாந்தில் 111, பிரிட்டனில் 999.

பைலட் சுடர் அணைந்துவிட்டால்?

பழைய மாடல்களில் கீழே ஒரு சின்னச் சுடர் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். அதுதான் பைலட். அதன் பக்கத்தில் தெர்மோகப்பிள் என்ற சிறிய உலோகக் கம்பி. சுடரின் சூட்டில் அது மிகச் சிறிய மின்சாரத்தை உண்டாக்கும். அந்த மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே கேஸ் வால்வு திறந்திருக்கும். சுடர் அணைந்தால் கம்பி ஆறும், வால்வு மூடிக்கொள்ளும். பழைய யுக்தி என்றாலும் கெட்டிக்காரத்தனமானது.

பற்றவைக்கும்போது குமிழை 20, 30 விநாடி அமுக்கிப் பிடிக்கச் சொல்வதும் இதற்காகத்தான். கம்பி சூடேறும்வரை நீங்கள் கையால் வால்வைத் திறந்து வைக்கிறீர்கள். முதல் முயற்சியில் பற்றாவிட்டால் குறைந்தது ஐந்து நிமிடம் காத்திருந்து, தேங்கிய வாயு கலைந்த பிறகு மறுபடி முயற்சி செய்யுங்கள். டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தால் சேர்ந்துவிட்ட வாயு ஒரேயடியாகப் பற்றும். கேஸ் வாடை பலமாக இருந்தால் முயற்சியே வேண்டாம். விளக்கு சுவிட்சைக்கூடத் தொடாமல் வெளியேறுங்கள்.

பைலட் அடிக்கடி அணைகிறதா? சலித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பற்றவைக்காதீர்கள். தெர்மோகப்பிள் தேய்ந்திருக்கலாம். புகைக்குழாய் வழியாகக் காற்று கீழே இறங்கலாம். சில ஹீட்டர்களில் அறையின் ஆக்சிஜன் குறைந்தால் பைலட் தானாக அணையும்படி செய்திருப்பார்கள். குமிழை டேப் போட்டு ஒட்டி வைக்கும் கில்லாடிகள் ஆக்சிஜன் குறைந்த அறையில் உட்கார்ந்திருக்கக்கூடும்.

நீங்கள் செய்யக்கூடியது, செய்யக்கூடாதது

நன்றாக ஆறிய பிறகு வெளித் தூசியைத் துடைக்கலாம். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை, தயாரிப்பாளர் சொன்ன திரவத்தால் சுத்தம் செய்யலாம். எரியும்போது அந்தக் கண்ணாடி 200 டிகிரிக்கு மேல் போகும். குழந்தைகள் வந்தால் தடுப்பு வேண்டும். துணி காயப்போட அருமையான இடமாகத் தோன்றும். ஒரு மீட்டருக்குள் எதுவும் வேண்டாம்.

உள்ளே இருக்கும் கட்டைகள் பீங்கான் வகை. அலங்காரத்துக்குத்தானே என்று நகர்த்தி வைக்காதீர்கள். சுடர் எதில் படவேண்டும், எதில் படக்கூடாது என்று கணக்குப் போட்டு வைத்த இடம் அது. கொஞ்சம் மாறினாலும் முழுதாக எரியாமல் கரியும் கார்பன் மோனாக்சைடும் வரும். குப்பைக் காகிதத்தை உள்ளே போட்டு எரிப்பது பற்றிப் பேசவே வேண்டாம்.

சீசனில் முதல்முறை போடும்போது தூசி கருகும் வாடை வரும். ஜன்னலைத் திறந்து வைத்தால் சற்று நேரத்தில் போய்விடும். போகவில்லை என்றால் நிறுத்துங்கள். தூங்கப் போகுமுன் கண்டிப்பாக அணைத்துவிடுங்கள்.

மற்ற எல்லாம் உரிமம் பெற்ற கேஸ் தொழில்நுட்பரின் வேலை. அவர் வந்தால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது கார்பன் மோனாக்சைடு அளந்தீர்களா?" தூசி தட்டிவிட்டு, எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புவது சர்வீஸ் ஆகாது. பர்னரைச் சுத்தம் செய்யவேண்டும், வாயு அழுத்தத்தைப் பார்க்கவேண்டும், புகைக்குழாயில் பறவைக்கூடு போன்ற அடைப்பு இருக்கிறதா, புகை அறைக்குள் திரும்புகிறதா என்று சோதிக்கவேண்டும்.

யார் செலவு? யாரைக் கேட்பது?

விக்டோரியாவில் 2021 மார்ச் 29 முதல் தொடங்கிய வாடகை ஒப்பந்தங்களுக்கு, வீட்டு உரிமையாளர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கேஸ் பாதுகாப்புச் சோதனை செய்தாக வேண்டும். கடைசிச் சோதனை எப்போது என்று கேட்டால் எழுத்தில் தரவேண்டும். ஏஜென்டுக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போதும். ஆஸ்திரேலியாவின் மற்ற மாநிலங்களில் விதி வேறு.

பிரிட்டனில் இன்னும் கடுமை. ஆண்டுக்கு ஒருமுறை, 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் உள்ளவர் சோதிக்க வேண்டும். குடிபுகும் முன்பே அந்தச் சான்றிதழின் நகல் உங்கள் கையில் இருக்கவேண்டும். இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல், அடுப்பைத் தவிர மற்ற நிலையான கேஸ் சாதனம் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் பொருத்துவதும் கட்டாயம்.

கேட்டால் ஏஜென்ட் முகம் சுளிப்பாரோ, அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டாரோ என்று நம்ம ஆட்கள் தயங்குகிறார்கள். புரிகிறது. ஆனால் இது சட்டப்படி அவர் வைத்திருக்கவேண்டிய தாள். சலுகை கேட்பதில்லை.

அலாரம் வாங்கினால் போதுமா?

கூரையில் இருக்கும் புகை அலாரம் கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்காது. அதற்குத் தனி அலாரம் வேண்டும். வாங்கும்போது பெட்டியில் ஐரோப்பியத் தரமான இஎன் 50291 இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று பாருங்கள். அந்தத் தரத்தின்படி, காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு சேர்ந்தால் மூன்று நிமிடத்துக்குள் அலறவேண்டும். 50 பங்கு என்றால் ஒரு மணி நேரத்தில் இருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள். எல்பிஜி போலக் கீழே தேங்காமல் இந்த வாயு அறைக் காற்றோடு கலந்துவிடும் என்பதால், எங்கே மாட்டுவது என்பதற்குத் தயாரிப்பாளரின் குறிப்பைப் பின்பற்றினால் போதும். அலாரம் இருக்கிறதே என்று சர்வீஸைத் தள்ளிப்போட வேண்டாம். அது அலறும்போது வாயு ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

நவம்பர், டிசம்பரில் ஊருக்குக் கிளம்பும்போது பைலட் சுடரையும் அணைத்துவிட்டுப் போங்கள். கேஸ் பில் குறையும். திரும்பி வந்து அடுத்த குளிர்காலத்தில் பற்றவைக்கும் முன், கடைசிச் சோதனைத் தேதியை மறுபடி ஒருமுறை ஏஜென்டிடம் கேளுங்கள்.