சீமையெண்ணெயும் விளக்கெண்ணெயும்: 1942-ஆம் ஆண்டு எரிபொருள் முடையும் உடுமலைப்பேட்டை வட்டாரமும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்து எரிபொருள் முடையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பெட்ரோலையே முன்வைத்து எழுதுவர். 1941-இல் இந்தியாவில் பெட்ரோல் பங்கீடு வந்ததும், பேருந்துகள் கரிவாயுவால் ஓடியதும் பலரும் அறிந்த செய்திகளே. ஆயின், அன்று கோவை மாவட்டத்தைச் சார்ந்ததும் 2009 முதல் திருப்பூர் மாவட்டத்துள் அடங்குவதுமாகிய உடுமலைப்பேட்டை வட்டாரத்தை நோக்குமிடத்து, அம்முடை ஊர்தியினும் விளக்கையே மிகுதியாகத் தாக்கியிருத்தல் வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

மண்ணெண்ணெய் என்னும் சொல் எழுத்து வழக்கில் நிலைபெற்ற பின்னரும், கொங்கு மக்கள் வாயில் வழங்கியது ‘சீமெண்ணெய்’ என்பதே. (வேறு சில மாவட்டங்களில் வழங்கும் ‘கிருஷ்ணாயில்’ ஆங்கிலப் பெயரின் திரிபு, கண்ணனுக்கு அதில் இடமில்லை.) சீமைத்துணி, சீமைச்சுண்ணாம்பு என்பனபோலக் கடல்கடந்து வந்த பொருள் என்பதை இப்பெயர் உணர்த்தும். இந்தியாவிற்கு வந்த மண்ணெண்ணெயில் பெரும்பங்கு அக்காலத்தில் பர்மாவினின்று வந்தது. 1942 மார்ச்சில் இரங்கூன் சப்பானியர் கைப்பட்டது. அதனையடுத்த சீரியம் எண்ணெய் ஆலையையும், ஏப்ரலில் ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளையும் பின்வாங்கிய ஆங்கிலேயர் தாமே அழித்தனர். அவ்வழிவின் நிழல் ஆனைமலை அடிவாரத்துக் குடிசை வரை நீண்டது.

ஊர்தியைப் பொறுத்தவரை இவ்வட்டாரத்திற்கு மாற்றுவழிகள் இருந்தன. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஜி. டி. நாயுடு 1920-இல் பேருந்து விட்டார்; 1928-இல் திண்டுக்கல்–பொள்ளாச்சி இருப்புப்பாதை உடுமலை வழியே திறக்கப்பெற்றது. பெட்ரோல் அருகியபோது பேருந்தின் பின்புறம் உலை பொருத்தி, மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, எழுந்த வாயுவை வடிகட்டி எஞ்சினுக்குள் செலுத்தினர். புறப்படுமுன் உலை மூட்டிக் காத்திருக்க வேண்டும். மேட்டில் வண்டி திணறும். எனினும் வண்டி ஓடிற்று. அதுவும் இல்லையெனில் கொங்கு நாட்டில் மாட்டுவண்டிக்குக் குறைவில்லை.

விளக்கிற்கு அத்தகைய எளிய மாற்று இல்லை. மின்சாரம் இருந்ததே எனின், உண்மைதான். 1932-இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையம் கோவை மாவட்டத்துப் பஞ்சாலைகளை வளர்த்தது. போர்க்காலத் துணித் தேவைக்காக ஆலைகள் இரவிலும் ஓடின. ஆனால், ஆலைக்கு வந்த கம்பி அங்கு உழைத்தவர் குடிசைக்கு வரவில்லை. இரவெல்லாம் மின்னொளியில் நூல் நூற்றவர் இருண்ட வீட்டிற்குத் திரும்பினார் என்பதை அக்காலப் பொருளாதார வரலாறு எழுதுவோர் மனங்கொள்ளல் வேண்டும்.

எஞ்சியது பழைய எண்ணெய். ஆமணக்கின் நெய்யை நம் முன்னோர் விளக்கெண்ணெய் என்றே அழைத்தனர். சீமையெண்ணெய் வந்தபின் அது பேதி மருந்தாகச் சுருங்கிப் பெயரில் மட்டும் விளக்கைச் சுமந்து நின்றது. கொங்கு நாட்டில் நிலக்கடலையின் ஊடேயும் வரப்போரத்தும் ஆமணக்கு விளைந்தமையால் கொட்டைக்குப் பஞ்சமில்லை. உழைப்பே பெரிது. கொட்டையை வறுத்து, இடித்து, நீரில் கொதிக்கவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்க வேண்டும். இவையனைத்தும் பெண்டிர் கைவேலை. பர்மாவின் கிணறு அவிந்த சுமையை உரலும் உலக்கையும் ஏற்றன எனலாம்.

அவ்வெண்ணெயும் எல்லா விளக்கிலும் எரியாது. அது தடிப்பானது, அரிக்கேன் விளக்கின் உயர்ந்த திரியில் ஏறாது, அகலில்தான் எரியும். அகலோ காற்றில் அணையும். ஆகவே, இரவில் தொழுவத்தில் கன்று ஈனும் பசுவைப் பார்க்கவும், வாய்க்காலில் நீர் திருப்பவும் செல்வோர்க்கு அகல் உதவியிராது. கண்ணாடிக் கூண்டுடைய விளக்குக்கு மண்ணெண்ணெய் இன்றியமையாததாயிற்று. போர் 1945-இல் முடிந்த பின்னரும் பல்லாண்டுகள் பங்கீட்டுக் கடை அட்டையில் அரிசி, சர்க்கரையோடு மண்ணெண்ணெய்க்கும் ஓர் இடம் இருந்து வந்தது.