பிரித்தானிய அரசியல் பாட்காஸ்டுகள்: பதினான்கு நாள் விதியிலிருந்து கைபேசி வரை

1955-ஆம் ஆண்டு பிரிட்டனில் ஒரு விசித்திரமான விதி அரசு ஆணையாக வெளிவந்தது. நாடாளுமன்றத்தில் அடுத்த பதினான்கு நாட்களுக்குள் விவாதத்துக்கு வரவிருக்கும் எந்தப் பொருளைப் பற்றியும் வானொலியிலோ தொலைக்காட்சியிலோ விவாதம் நடத்தக் கூடாது என்பதே அந்த விதி. இன்று அதே நாட்டில் ஒரு வாக்கெடுப்பு முடிந்த சில மணி நேரத்துக்குள் செய்தியாளர்கள் ஒலிவாங்கியைச் சுற்றி அமர்ந்து, யார் யாரை ஏமாற்றினார்கள், எந்த அமைச்சர் கோபத்தில் இருக்கிறார் என்றெல்லாம் பேசி இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். காலையில் ரயிலில் போகிறவர் அதைக் காதொலிக் கருவியில் கேட்டுக்கொண்டே அலுவலகம் சேர்கிறார். இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ள எழுபது ஆண்டுகளைத் தொழில்நுட்பத்தின் வளர்ச்சி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒலிபரப்பில் அரசியலை யார் பேசலாம், எந்த விதிக்கு உட்பட்டுப் பேசலாம் என்ற பழைய வழக்கு அதற்குள் இருக்கிறது.

வானொலிக்குப் போட்ட கடிவாளம்

பிபிசி 1922-இல் ஒரு தனியார் நிறுவனமாகத் தொடங்கி, 1927 ஜனவரி 1 அன்று பொதுக் கழகமாக மாறியது. தொடக்கத்தில் சர்ச்சைக்குரிய பொருள் எதையும் ஒலிபரப்பக் கூடாது என்று அரசு தடை விதித்திருந்தது. 1928-இல் அந்தத் தடை நீங்கியது. மறு ஆண்டே, புதிதாகச் சம வாக்குரிமை பெற்ற பெண்களை மனத்தில் கொண்டு ‘தி வீக் இன் வெஸ்ட்மின்ஸ்டர்’ என்ற நிகழ்ச்சி தொடங்கியது. நாடாளுமன்றத்தில் அந்த வாரம் என்ன நடந்தது என்பதைப் பெண் உறுப்பினர்கள் எளிமையாக எடுத்துச் சொன்னார்கள். இன்றைய அரசியல் பாட்காஸ்டுக்கு ஒரு பாட்டி உண்டென்றால் அது இந்த நிகழ்ச்சிதான்.

பதினான்கு நாள் விதி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944-இல், பிபிசி தானே ஏற்றுக்கொண்ட ஒரு கட்டுப்பாடாகப் பிறந்தது. அமைச்சர்கள் வானொலிக்கு வந்து தங்கள் மசோதாக்களுக்கு ஆதரவு திரட்டுவதைத் தடுக்க அது உதவியது என்பது உண்மை. ஆனால் போர் முடிந்த பிறகும் விதி நீங்கவில்லை. மக்களால் தேர்ந்தெடுக்கப்படாத, அவைக்குப் பொறுப்பில்லாத பேச்சாளர்கள் நாடாளுமன்றத்துக்கு முந்திக்கொள்வது தவறு என்பது சர்ச்சில் போன்றோரின் வாதம். பிபிசி இதை இனித் தானாகக் கடைப்பிடிக்க விரும்பாத நிலையில், 1955-இல் அஞ்சல் துறைத் தலைமை அமைச்சர் சார்லஸ் ஹில் அதை முறையான ஆணையாகவே பிறப்பித்தார். போர்க்காலத்தில் ‘வானொலி டாக்டர்’ என்ற பெயரில் பிபிசியில் பேசிப் புகழ்பெற்றவர் இதே ஹில் என்பதையும், பின்னாளில் அவரே பிபிசியின் தலைவரானார் என்பதையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

அந்த ஆணை நெடுநாள் தாங்கவில்லை. 1956-இல் சூயஸ் நெருக்கடி வந்தது. நாடே இரண்டாகப் பிரிந்து, வீடுதோறும் வாக்குவாதம் நடந்தபோது, வானொலி மட்டும் நாடாளுமன்றத்தின் நாட்குறிப்பைப் பார்த்து வாய்மூடி இருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டின் இறுதியில் விதி நிறுத்திவைக்கப்பட்டது. 1957-இல் காலவரையறையின்றிக் கைவிடப்பட்டது.

இதே காலத்தில் கட்சிகளும் தங்கள் பங்குக்குக் கடிவாளம் போட்டன. 1950-இல் பிபிசி தொலைக்காட்சியில் ‘இன் தி நியூஸ்’ என்ற விவாத நிகழ்ச்சி தொடங்கியது. மைக்கேல் ஃபுட், ராபர்ட் பூத்பி, டபிள்யூ. ஜே. பிரவுன், வரலாற்றாசிரியர் ஏ. ஜே. பி. டெய்லர் ஆகிய நால்வரும் கட்சிக் கட்டுப்பாட்டுக்கு அடங்காதவர்கள். அதனாலேயே மக்கள் விரும்பிப் பார்த்தார்கள். கட்சிகள் முறையிட்டன, படிப்படியாகக் கட்சிக்கு அடங்கிய பேச்சாளர்கள் அந்த இருக்கைகளில் அமர்ந்தார்கள், நிகழ்ச்சி களையிழந்தது. பழைய நால்வரும் 1955-இல் புதிய வணிகத் தொலைக்காட்சியான ஐடிவியில் ‘ஃப்ரீ ஸ்பீச்’ என்ற பெயரில் மீண்டும் கூடினார்கள். பிபிசியில் அடக்கப்பட்ட குரல் வேறு மேடை தேடிப் போவது அப்போதே நடந்திருக்கிறது.

லாபியின் திரைமறைவு

அரசியல் பாட்காஸ்டில் நாம் கேட்கும் பேச்சின் ஊற்று வேறொரு இடத்தில் இருக்கிறது. மக்களவையின் கூடத்துக்கு வெளியே உள்ள முகப்பு மண்டபத்தில் நின்று உறுப்பினர்களோடு பேச அனுமதி பெற்ற செய்தியாளர்களை ‘லாபி’ என்பார்கள். 1880-களில் உருவான இந்த ஏற்பாட்டில், கேட்டதை எழுதலாம், ஆனால் சொன்னவர் பெயரை எழுதக் கூடாது. பிரதமரின் செய்தித் தொடர்பாளர் தரும் விளக்கங்கள்கூடப் பெயரில்லாமல்தான் வெளிவந்தன. 1986-இல் தொடங்கிய ‘தி இண்டிபெண்டன்ட்’ நாளிதழ் இந்த முறையில் பங்கேற்க மறுத்தது. 1997-இல் டோனி பிளேரின் செய்திச் செயலாளர் அலஸ்டர் கேம்பல்தான், அந்த விளக்கங்களைப் ‘பிரதமரின் அதிகாரபூர்வச் செய்தித் தொடர்பாளர்’ சொன்னதாக எழுத அனுமதித்தார்.

ஆகவே வெஸ்ட்மின்ஸ்டர் செய்தியாளரிடம் எப்போதும் இரண்டு வகைச் செய்திகள் இருந்தன. ஒன்று அச்சில் வந்தது. மற்றது மதுக்கூடத்தில் நண்பர்களிடம் சொன்னது. பாட்காஸ்ட் அந்த இரண்டாவது பேச்சைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது.

பிரெக்ஸிட் தந்த வாய்ப்பு

‘பாட்காஸ்டிங்’ என்ற சொல் 2004 பிப்ரவரியில் ‘தி கார்டியன்’ இதழில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் முதலில் தோன்றியது. மறு ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் பாட்காஸ்டுகளைச் சேர்த்தது. நாளிதழ்கள் ஒவ்வொன்றாக முயன்று பார்த்தன. எனினும் இந்த வடிவம் பரவலாக வேரூன்றியது 2016 பொதுவாக்கெடுப்புக்குப் பிறகுதான்.

2017 பொதுத் தேர்தலின்போது பிபிசி தொடங்கிய ‘எலக்‌ஷன்காஸ்ட்’ விரைவில் ‘பிரெக்ஸிட்காஸ்ட்’ ஆனது. லாரா குன்ஸ்பெர்க்கும் கிறிஸ் மேசனும் லண்டனிலிருந்தும், காட்யா ஆட்லரும் ஆடம் ஃப்ளெமிங்கும் பிரஸ்ஸல்ஸிலிருந்தும் பேசினார்கள். 2019 ஜனவரி 15 அன்று தெரசா மேயின் ஒப்பந்தம் 432-க்கு 202 என்ற கணக்கில் தோற்றது போன்ற நாட்களில், இரண்டு நிமிடச் செய்தி அறிக்கையில் அடங்காத குழப்பத்தை விளக்க இத்தகைய நீண்ட உரையாடல் பொருத்தமாக இருந்தது. தங்களுக்கே புரியவில்லை என்று செய்தியாளர்கள் ஒப்புக்கொள்ளவும் அதில் இடம் இருந்தது. தொலைக்காட்சியில் அப்படிச் சொல்ல யாருக்கும் துணிவு வராது. 2019 செப்டம்பரில் அதுவே தொலைக்காட்சிக்கும் போனது. பிரெக்ஸிட் நடந்த பிறகு ‘நியூஸ்காஸ்ட்’ என்ற பெயரில் தொடர்ந்தது.

2022: விதிக்கு வெளியே

2020 மே மாதம் பிபிசியின் ‘நியூஸ்நைட்’ நிகழ்ச்சியில், பிரதமரின் ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ் ஊரடங்கு விதியை மீறினார் என்று எமிலி மெய்ட்லிஸ் தொடக்க உரையிலேயே திட்டவட்டமாகக் கூறினார். அது நடுநிலை விதிக்கு மாறானது என்று பிபிசி மறுநாளே அறிவித்தது. 2022 ஆகஸ்டில் எடின்பரோவில் ஆற்றிய மெக்டாகர்ட் சொற்பொழிவில், அரசு தரப்பின் புகாருக்கு பிபிசி அவசரமாகப் பணிந்தது என்று அவர் விமர்சித்தார். தன் முடிவு சரியே என்றது பிபிசி. சொற்பொழிவு முடிந்த சில நாட்களில், ஆகஸ்ட் 30 அன்று, மெய்ட்லிஸ், ஜான் சோப்பல், லூயிஸ் குடால் என்ற மூன்று முன்னாள் பிபிசி செய்தியாளர்களும் ‘தி நியூஸ் ஏஜெண்ட்ஸ்’ பாட்காஸ்டைத் தொடங்கினார்கள். அடுத்த சில வாரங்களில் லிஸ் டிரஸ் பிரதமராகி, 45-ஆம் நாளில் பதவி விலகலை அறிவித்தார். ஒரு புதிய அரசியல் பாட்காஸ்டுக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமைய முடியாது.

அதே ஆண்டு மார்ச்சில் ‘தி ரெஸ்ட் இஸ் பாலிடிக்ஸ்’ தொடங்கியிருந்தது. அதன் தொகுப்பாளர்களில் ஒருவர் மேலே சொன்ன அலஸ்டர் கேம்பல். ‘டெய்லி மிரர்’ செய்தியாளராக இருந்து அரசியலுக்குப் போனவர். 2003-இல் ஈராக் ஆவணம் பற்றிய செய்திக்காக பிபிசியோடு மோதியவர். மற்றவர் ரோரி ஸ்டூவர்ட், 2019 செப்டம்பரில் கன்சர்வேட்டிவ் கட்சி தன் நாடாளுமன்ற அணியிலிருந்து நீக்கிய 21 உறுப்பினர்களில் ஒருவர். செய்தியாளர் யார், அரசியல்வாதி யார் என்ற கோடு இங்கே மங்கிவிட்டது. 2023-இல் முன்னாள் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்னும் அவரது பழைய எதிரி எட் பால்ஸும் சேர்ந்து ‘பொலிட்டிகல் கரன்சி’ தொடங்கியபோது அது இன்னும் மங்கியது. அவ்விருவரும்கூட நாளிதழ்களில் பணியாற்றியவர்களே.

இதில் கேட்பவருக்கு லாபமும் உண்டு, இழப்பும் உண்டு. பதவியில் இருந்தவர் ஒரு முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்று விளக்கும்போது பாடநூலில் கிடைக்காத அறிவு கிடைக்கிறது. ஆனால் ‘ஓர் அமைச்சர் என்னிடம் சொன்னார்’ என்ற லாபியின் பழைய வாசகம் நட்பான குரலில் காதுக்குள் ஒலிக்கும்போது, அந்த அமைச்சர் அதை ஏன் சொன்னார் என்று கேட்கத் தோன்றுவதில்லை. அச்சில் படித்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. போதாக்குறைக்குப் பல பாட்காஸ்டுகளில் தொகுப்பாளர்களே விளம்பரத்தையும் அதே குரலில் படிக்கிறார்கள்.

சட்டம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே காட்டுகிறது. வானொலியும் தொலைக்காட்சியும் 2003-ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டத்தின்கீழ் ஆஃப்காம் அமைப்பின் நடுநிலை விதிகளுக்கு உட்பட்டவை. தனியார் பாட்காஸ்டுகளுக்கு அந்த விதிகள் பொருந்தா. நாளிதழைப் போல அவை பக்கம் சாரலாம். பிபிசியின் பாட்காஸ்டுகளை அதன் சொந்த ஆசிரியர் குழு நெறிமுறைகள் கட்டுப்படுத்துகின்றன. 2024 ஜூலை 4 தேர்தல் நாளன்று காலை 7 மணிக்கு வாக்குச்சாவடிகள் திறந்ததும், வானொலியும் தொலைக்காட்சியும் தேர்தல் விவகாரங்களை விவாதிப்பதை நிறுத்த வேண்டியிருந்தது. தனியார் பாட்காஸ்டுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இரவு 10 மணிக்கு வாக்குப்பதிவு முடியும் முன் வாக்களித்தோர் கருத்துக் கணிப்பை வெளியிடக் கூடாது என்ற தடை மட்டும் எல்லோரையும் ஒன்றுபோலக் கட்டுப்படுத்தியது.