கை மாறிய பொருள்: ஜப்பானியப் பழம்பொருட் சொற்களில் வயதும் கையும்

‘கொத்தோ’ என்ற ஜப்பானியச் சொல்லுக்கு அகராதிகள் ‘பழம்பொருள்’ என்று பொருள் தந்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஆனால் அதை எழுதப் பயன்படும் இரண்டு சீன எழுத்துகளில் ஒன்றுகூடப் பழமையைக் குறிப்பதில்லை. முதலெழுத்தின் பொருள் ‘எலும்பு’. சீனத்திலிருந்து வந்த இச்சொல்லுக்குச் சமையற்கட்டிலும் ஓர் உறவு உண்டு. சோறும் காய்கறியும் கலந்த கொரிய உணவான பிபிம்பாப்பின் பழைய பெயர் ‘கோல்தோங்பான்’. அதன் முதலிரண்டு எழுத்துகளும் இவையே. பலவும் கலந்து கிடப்பதுதான் இரண்டுக்கும் பொது. பழம்பொருள் சேர்க்கும் பொழுதுபோக்கை ‘கொத்தோ இஜிரி’ என்கிறார்கள். ‘இஜிரு’ என்றால் கையால் அளைவது. இந்தச் சொற்குடும்பம் ஒரு பொருளை அதன் வயதால் வகுப்பதைவிட, அது கடந்துவந்த கைகளால்தான் வகுக்கிறது என்பது என் வாதம்.

‘பழைய’ என்ற எழுத்தையே முன்னொட்டாகக் கொண்ட ‘கொபுத்சு’ இதற்கு எதிர்ச்சான்றாகத் தோன்றலாம். உண்மையில் அதுவே வலுவான ஆதரவு. 1949-ஆம் ஆண்டின் கொபுத்சு வணிகச் சட்டப்படி, ஒருமுறை பயன்படுத்திய பொருள் மட்டுமன்று, பயன்படுத்துவதற்காக வாங்கிப் பயன்படுத்தாமலே விட்ட பொருளும் கொபுத்சுதான். நேற்று வாங்கிப் பெட்டி பிரிக்காத கைக்கடிகாரம் இன்று மறுவிற்பனைக்கு வந்தால் சட்டத்தின் கண்ணில் அது ‘பழையது’. சுங்கவரிப் பட்டியல் நூறாண்டு வரம்பு விதிக்கிறதே என்று கேட்கலாம். அங்கே ‘கொத்தோ’ என்று எழுதி, செய்து நூறாண்டு கடந்தவை மட்டும் என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கிறார்கள். சொல்லுக்குள்ளேயே வயது இருந்தால் அடைப்புக்குறி எதற்கு?

இதெல்லாம் வெறும் விலைத் தரவரிசை என்பது இன்னொரு மறுப்பு: மலிவானது பழஞ்சாமான், விலை கூடினால் பழங்கலை. விலை ஏறுவது மெய்தான். எதனால் ஏறுகிறது என்பதே கேள்வி. கியோத்தோவின் தைதோகுஜி மடத்தைச் சேர்ந்த கோஹோ-ஆனில் உள்ள ‘கிஸாயெமோன்’ தேநீர்க் கிண்ணம் கொரியாவில் எளிய புழங்குபாத்திரமாகவே வனையப்பட்டது என்பது பரவலான கருத்து. 1951-இல் அது தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. அதன் பெயர் வனைந்தவர் பெயரன்று. அதை வைத்திருந்த ஒசாகா வணிகரின் பெயர். தேநீர்க் கலங்களைப் பொதிந்த துணிகளின் பெயர்களிலும் வந்த வழி பதிந்திருக்கிறது. ‘சந்தொமே’ என்ற கோடிட்ட பருத்தித் துணி, நம் சென்னைச் சாந்தோமின் பெயரைத்தான் சுமக்கிறது. பெட்டி மூடியில் எழுதும் சான்றுரைக்கு ‘ஹாகோகாகி’ என்றும், செய்தவரே கையெழுத்திட்ட பெட்டிக்கு ‘தொமொபாகோ’ என்றும் தனிச்சொற்கள் உண்டு. பெட்டி தொலைந்தால் மதிப்பும் குறைகிறது, கலத்தில் கீறல்கூட விழாதிருந்தும்.

இந்த வாதத்துக்கு உண்மையான சோதனை யானாகி சோயெத்சு. பெட்டியையும் பரம்பரையையும் ஒதுக்கிவிட்டுப் பொருளை நேராகப் பார் என்றவர் அவர். மலிவுச் சரக்கைச் சுட்டிய ‘கெதெமோனோ’ என்ற சந்தைச் சொல்லை முதலில் எடுத்தாண்டார். அதில் இளக்காரம் ஒட்டியிருந்ததால், 1925-இல் தோழர்களுடன் ‘மிங்கேய்’ என்ற புதுச்சொல்லை ஆக்கினார். பெயரற்ற கைவினைஞரின் பொருளுக்கு, உடைமையாளர் பெயர் தேவைப்படாத சொல். அந்தத் தோழர்களில் ஒருவரான ஹமாதா ஷோஜி இக்கொள்கைக்கு இணங்கத் தம் கலங்களில் கையெழுத்திடுவதை விட்டார். அவற்றை வைத்துக் கொடுத்த மரப்பெட்டிகளில் மட்டும் கையெழுத்திட்டார்.