குதிரை பொறித்த பொற்காசு

ஊரிலிருந்து உறவினர் வந்தால், வடநாட்டு நகரங்களில் வாழும் நாம் அவர்களைக் காட்சிச்சாலைக்கு அழைத்துச் செல்வது வழக்கம். சிற்பங்களின் முன் நெடுநேரம் நிற்கிறோம். ஓவியங்களைக் கண்டு வியக்கிறோம். நாணயக் கூடத்தை அடையும்போது மட்டும் எல்லாருக்கும் ஒருசேரக் கால் வலிக்கத் தொடங்கிவிடுகிறது. கண்ணாடிப் பேழைக்குள் வரிசையாகக் கிடக்கும் பொன் வட்டுகளைப் பார்த்து, இன்றைய விலைக்கு எவ்வளவு பெறும் என்று யாரேனும் ஒருவர் கேட்பார், அத்துடன் வெளியேறிவிடுகிறோம். அடுத்த முறை செல்லுங்கால், குப்தர் நாணயங்களுள் குதிரை உருவம் தாங்கிய காசு ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது நலம். அதைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம்.

கி.பி. நான்காம் நூற்றாண்டில் மகத நாட்டை ஆண்ட சமுத்திரகுப்தன், தான் இயற்றிய அசுவமேத வேள்வியின் நினைவாக வெளியிட்ட காசு அது. விட்டம் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர். எடை ஏழரை கிராமுக்குச் சற்று மேல். அதாவது நாம் வழங்கும் ஒரு சவரனுக்குச் சிறிது குறைவு. முன்புறத்தில் சேணம் பூட்டாத குதிரை ஒன்று அமைதியாக நிற்கிறது. அதன் எதிரே வேள்வித் தூண். தூணிலிருந்து கொடித்துணிகள் குதிரையின் முதுகுக்கு மேலாகப் பறக்கின்றன. அத்தூணுக்கு யூபம் என்பது பெயர். இச்சொல் தமிழர்க்குப் புதியதன்று. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி யூபங்களை நாட்டிய செய்தியைப் புறநானூறு கூறுகிறது. காசின் விளிம்பைச் சுற்றி ஓடும் வடமொழி எழுத்துகள், மண்ணை வென்ற மன்னர்மன்னன் வேள்வி இயற்றி விண்ணையும் வெல்கிறான் என்னும் பொருள்படுவன.

பின்புறத்தில் கவரியைத் தோளில் சாய்த்தவண்ணம் ஒரு பெண் நிற்கிறாள். அவள் பட்டத்தரசி தத்ததேவியாக இருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அசுவமேதத்தில் பட்டத்தரசிக்குரிய சடங்குகள் பல உண்டு. அவள் முன் நாட்டப்பெற்றுள்ள கூரிய கருவி, அச்சடங்குகளில் அரசியர் கையாளும் ஊசி என்றும் கூறுவர். அருகே 'அசுவமேத பராக்கிரமன்' என்னும் விருதுப்பெயர் காணப்படுகிறது.

இக்காசில் அரசனுடைய உருவம் இல்லை. அவனுடைய பெயரும் இல்லை. சமுத்திரகுப்தனின் மற்றக் காசுகளிலோ அவனே நிறைந்து நிற்கிறான். ஒன்றில் வில்லேந்துகிறான், ஒன்றில் பரசு தாங்குகிறான், ஒன்றில் புலியை எய்கிறான், மற்றொன்றில் கட்டிலில் அமர்ந்து வீணை மீட்டுகிறான். தன் வாழ்வின் மிகப் பெரிய பெருமையைப் பொறிக்கும்போது மட்டும் அவன் விலகிக்கொண்டு, குதிரைக்கும் அரசிக்கும் இடம் விட்டுவிட்டான். 'பராக்கிரமன்' என்பது அவனுக்கே உரிய விருதாகையால்தான் காசு அவனுடையதென்று தெளிகிறோம்.

வேள்விக் குதிரை ஓராண்டு காலம் விருப்பம்போல் திரியும். படை பின்தொடரும். அதைத் தடுப்பவன் போரிட வேண்டும். தடுக்காதவன் பணிந்தவன் ஆவான். ஆண்டு முடிந்ததும் குதிரை திரும்பி வந்து பலியாகும். வேள்வி முடிவில் அந்தணர்க்குப் பெருந்தானம் வழங்குவது விதி. இக்காசுகள் அத்தானத்துக்கென்றே அடிக்கப்பெற்றிருக்க வேண்டும் என்று அறிஞர் கருதுகின்றனர். ஆயினும் எடையில் இவை நாட்டில் புழங்கிய மற்றப் பொற்காசுகளோடு ஒத்திருக்கின்றன. ஆகவே, பெற்றவர் இவற்றைச் செலவிட்டிருக்கவும் கூடும். அக்காசுகளுக்குத் தீனாரம் என்று பெயர். உரோமரின் 'தெனாரியஸ்' என்ற சொல் குஷாணர் காலத்து வாணிகத்தின் வழியே நம் நாட்டில் நிலைத்த விந்தை அது!

இனி, இந்தப் பொன் சொல்வதை நாம் அப்படியே நம்பலாமா? சமுத்திரகுப்தனின் வெற்றிகளை விரிவாகக் கூறுவது, அரிசேனன் இயற்றிய புகழுரை. நெடுங்காலம் அலகாபாத் என வழங்கி 2018-இல் பிரயாக்ராஜ் எனப் பெயர் மாற்றம் பெற்ற நகரின் கோட்டைக்குள், அசோகனுடைய தூணிலேயே அது பொறிக்கப்பட்டிருக்கிறது. தென்னாட்டு மன்னர் பலரைச் சிறைப்பிடித்துப் பின்னர் விடுவித்ததாகச் சொல்லும் அவ்வுரை, காஞ்சியின் விஷ்ணுகோபனையும் அவர்களுள் ஒருவனாகக் குறிப்பிடுகிறது. சோழரையும் பாண்டியரையும் அது சொல்லவில்லை. அசுவமேதத்தைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. ஆதலின் வேள்வி அதற்குப் பின்னரே நிகழ்ந்தது என்று பலர் முடிவு செய்தனர்.

நெடுங்காலம் வழக்கொழிந்திருந்த அசுவமேதத்தைச் சமுத்திரகுப்தன் மீட்டான் என்று அவன் வழித்தோன்றல்களின் சாசனங்கள் பெருமை பேசுகின்றன. இதை முழுதும் ஏற்பதற்கில்லை. அவனுக்குச் சற்று முன்னரே வாகாடக மன்னன் முதலாம் பிரவரசேனன் நான்கு அசுவமேதங்கள் இயற்றியவன் என்று புகழப்படுகிறான். அந்த வாகாடகர் குலத்தில் வாழ்க்கைப்பட்ட சமுத்திரகுப்தனின் பேத்தி பிரபாவதிகுப்தையோ, தன் பாட்டன் பல அசுவமேதங்கள் செய்தவன் என்று தன் செப்பேட்டில் எழுதச் செய்தாள். புக்ககத்தில் பிறந்தகத்தின் பெருமை குறையக்கூடாதென்று அவள் எண்ணியிருப்பாள் போலும்!

இலக்னோ வாழ் தமிழர்க்கு இன்னொரு சான்றும் அருகிலேயே உண்டு. கேரி மாவட்டத்தில் கிடைத்து அந்நகரக் காட்சிச்சாலையை அடைந்த கற்குதிரை ஒன்றை இவ்வேள்வியோடு தொடர்புபடுத்தினர். அதன்மேல் உள்ள எழுத்துகள் சிதைந்தவை, மொழியோ பிராகிருதம். குப்தரின் அரசாங்க மொழி சமஸ்கிருதம் ஆகையால், அத்தொடர்பை நாம் ஐயத்தோடுதான் கொள்ள வேண்டும். காசின் சான்று அதைவிட வலியது.

எவ்வளவு வலியது என்பதற்குச் சமுத்திரகுப்தனின் பேரன் முதலாம் குமாரகுப்தனே எடுத்துக்காட்டு. அவனும் அசுவமேதக் காசு வெளியிட்டான். அதில் குதிரை எதிர்த்திசை நோக்கி நிற்கிறது. 'அசுவமேத மகேந்திரன்' என்பது விருது. அவன் இயற்றிய வேள்வியைப் பற்றி அவனுடைய கல்வெட்டுகளில் எங்கும் பேச்சில்லை. அக்காசுகள் மட்டும் உருக்கப்பட்டிருந்தால், அப்படியொரு வேள்வி நடந்ததென்றே நாம் அறிந்திருக்க மாட்டோம்.

உருக்கப்படுவது வெறும் கற்பனை அச்சமன்று. 1783-ஆம் ஆண்டளவில் கல்கத்தாவின் காளிகட்டத்தருகே குப்தர் பொற்காசுகள் 200-க்கு மேல் கிடைத்தன. அவை வாரன் ஹேஸ்டிங்ஸின் கைக்கு வந்தன. அவர் அவற்றை இலண்டனுக்கு அனுப்பினார். அங்கே சில காட்சிச்சாலைகளுக்குப் பகிர்ந்தளித்தபின், எஞ்சியவை உலைக்குச் சென்றன என்பர். 1946-இல் பரத்பூர்ப் பகுதியில் பயானாவுக்கு அருகே, மன்னரின் வேட்டைக்குப்பின் வெற்றுத் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கச் சென்ற சிறுவர்களுக்கு ஒரு செப்புக் கலம் தட்டுப்பட்டது. அதனுள் இருந்தவை குப்தர் பொற்காசுகள்! செய்தி அதிகாரிகளுக்கு எட்டுமுன் 200-க்கு மேற்பட்டவை மறைந்துபோயின, மீட்கப்பட்டவை 1,821. அவற்றை அறிஞர் அல்தேகர் ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1954-இல் பட்டியல் வெளியிட்டார். சமுத்திரகுப்தனின் மைந்தன் இரண்டாம் சந்திரகுப்தனுடையவை மட்டும் 983. அவற்றுள், சக்கரம் தாங்கிய தெய்வ உருவின் முன் அரசன் கைநீட்டி நிற்கும் காசு ஒன்று. அதுவரை எவரும் கண்டிராத வகை அது. அதே கலத்திலிருந்த மற்றக் காசுகள் தட்டானின் மூசையில் உருகியபோது, இது தப்பியது.