சாந்து பூசும் உரிமை: இடைக்காலக் கொங்குநாட்டு வீடும் சமூகப் படிநிலையும்

காவிரியின் குறுக்கே 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்துள் பல ஊர்கள் மூழ்கின. நீர்மட்டம் மிகவும் தாழ்ந்த காலங்களில் பண்ணவாடிப் பகுதியில் சலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய கிறித்தவ ஆலயக் கோபுரமும் வெளிப்பட்டு வந்துள்ளன. மண்ணால் எழுப்பிய வீடுகளுக்கு அத்தகைய நிலைபேறு இல்லை.

இடைக்காலத் தமிழக ஊர்களைப் பற்றிய அறிவும் இவ்வாறே ஒருபக்கம் சாய்ந்துள்ளது. கற்கோயில்கள் நிற்கின்றன; அவற்றைச் சூழ்ந்திருந்த குடியிருப்புகள் மறைந்துவிட்டன. அர்ப்பாத் மரபினர் கால அங்கேரிய ஊர்களில், நிலத்துள் பாதி தோண்டி அமைத்த வீடுகளின் குழிகளும் அடுப்புகளும் அகழாய்வில் கிடைத்துள்ளன. தமிழகத்திலோ இக்காலக் குடியிருப்புகளை அறியக் கல்வெட்டுகளையே பெரிதும் நாட வேண்டியுள்ளது.

முதலாம் இராசராசனின் (985–1014) தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், வரி நீக்கப்பட்ட நிலங்களுள் ஊர்நத்தம், கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி முதலியவற்றைத் தனித்தனியே குறிக்கின்றன. ஊரின் அமைப்பே சமூகப் பிரிவினையைத் தாங்கியிருந்தது என்பது இதனால் புலனாகும்.

இப்பிரிவினை வீட்டின் சுவர்வரை எட்டியதைக் கரூர்ப் பசுபதீசுவரர் கோயில் கல்வெட்டு காட்டுகிறது. கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டப்பெயருடைய அரசன், வெங்கால நாட்டுக் கன்மாளர்க்கு 15ஆம் ஆட்சியாண்டின் ஆடித் திங்கள் முதல் சில உரிமைகளை வழங்கினான். நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதிப் பேரிகை முழக்குதல், வெளியே செல்லும்போது செருப்பு அணிதல், தம் வீடுகளுக்குச் சாந்து பூசுதல் ஆகியன அவை.

உரிமை வழங்கப்பட்டது எனின், அதற்கு முன்பு அது மறுக்கப்பட்டிருந்தது என்பதே பொருள். தச்சர், கொல்லர், கல்தச்சர் உள்ளிட்ட கம்மாளரே கோயிலையும் மாளிகையையும் எழுப்பியவர்கள். சாந்தின் பக்குவம் அறிந்த அவர்கள் தம் சுவரில் அதனைப் பூச அரசாணை தேவைப்பட்டது. பல்லவ, சோழர் காலப் பிரமதேயச் செப்பேடுகள் சிலவற்றிலும், சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கும் உரிமை தனியே சொல்லப்பட்டுள்ளது.

ஆகவே, எளிய வீடுகள் எஞ்சாமைக்கு வறுமையும் மண்ணின் நெகிழ்வும் மட்டுமே காரணங்களாகா. எவர் எப்பொருளால் வீடு கட்டலாம் என்பதை அதிகாரமும் வரையறுத்தது. அழிந்த சுவர்களின் வரலாற்றை எழுதும்போது, நிலைத்து நிற்கும் உரிமை எவர் சுவருக்கு இருந்தது என்ற வினாவும் உடன் எழுப்பப்பட வேண்டும்.